செல்போன் பழக்கத்தைப் பள்ளியில் சொல்லித் தர ஐந்து வழிகள்: எங்கள் பிள்ளைகளுக்கு எது சரிப்படும்?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் படத்தை யாரோ வெட்டி ஒட்டி, கீழே கேலியாக ஒரு வரி எழுதி, வகுப்புப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். நடந்தது நவம்பர் தொடக்கத்தில். எனக்குத் தெரிய வந்தது அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம். இடையில் ஐந்து வாரம் போய்விட்டது. அந்த ஐந்து வாரமும் அவள் தினமும் பள்ளிக்கு வந்தாள். முதல் பெஞ்சிலிருந்து மூன்றாம் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தாள். மத்தியானம் டிபன் பாக்ஸைப் பாதியிலேயே மூடி வைத்தாள். வகுப்பாசிரியை நான்தான். பார்த்தேன். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

விஷயம் வெளியே வந்த பிறகு நான் கேட்டது, "ஏம்மா முன்னாடியே சொல்லல?" அதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "சொன்னா உனக்கு போன் எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க மிஸ். அப்பாவ வரச் சொல்வீங்க. அவரு ஸ்கூலுக்கே போகவேணாம்னுடுவாரு."

எங்களுடையது அரசு நிதியுதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. ஆறு முதல் பத்து வரை சுமார் 420 பிள்ளைகள். கம்ப்யூட்டர் அறையில் ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்பது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தலைமையாசிரியர் எங்களில் நாலு பேரைக் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் இந்தப் பிள்ளைகளுக்குப் போனையும் இன்டர்நெட்டையும் ஒழுங்காகப் பயன்படுத்தச் சொல்லித் தர வேண்டும். எப்படி என்று நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்கள்" என்றார். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அதைத்தான் பேசினோம். மேசைக்கு வந்த யோசனைகள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் உள்ள நல்லது கெட்டதை, இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் மற்ற பள்ளிக்காரர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் இல்லையா? செலவு, நேரம், ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் பார்த்தோம்தான். ஆனால் நான் முதலில் வைத்த கேள்வி வேறு. போனில் ஏதாவது தப்பாக நடந்துவிட்டால், இந்த வழியில் போனால் அந்தப் பிள்ளை யாரிடமாவது வந்து சொல்லுமா? எத்தனை நாளில் சொல்லும்? ஐந்து வாரத்தை ஒரே நாளாகக் குறைக்கிற வழி எதுவோ அதுதான் எனக்கு வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பல வீடுகளில் ஆண்ட்ராய்டு போன் நுழைந்ததே 2020இல்தான். மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஆன்லைன் வகுப்புக்குப் போன் வேண்டும் என்று பெற்றோரிடம் சொன்னவர்கள் நாங்கள். கம்மலை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த அம்மாக்களை எனக்குத் தெரியும். பள்ளி திறந்ததும் அதே நாங்கள் "போனைத் தொடாதே" என்றோம். நடுவில் யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. அந்தக் கடன் எங்கள் தலையில் இருக்கிறது.

வாசலிலேயே நிறுத்துவது

முதல் வழி தடை. கொண்டு வராதே, கொண்டு வந்தால் பிடுங்கி வைப்போம், அப்பா வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். எங்கள் பள்ளியில் இதுவரை இருந்ததும் இதுதான்.

உலகம் முழுக்க இப்போது இந்தப் பக்கம்தான் காற்று வீசுகிறது. பிரான்ஸ் 2018இலேயே தொடக்கப் பள்ளிக்கும் நடுநிலைப் பள்ளிக்கும் சட்டமே போட்டது. நெதர்லாந்தில் 2024 ஜனவரி முதல் உயர்நிலை வகுப்பறைகளில் போன் கிடையாது. சிங்கப்பூர் 2026 ஜனவரி முதல் உயர்நிலை மாணவர்கள் இடைவேளையில்கூடத் தொடக் கூடாது என்றது. ஆஸ்திரேலியா பள்ளி வாசலையும் தாண்டி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சொல்லிவிட்டது. காரணம் இல்லாமல் இதைச் செய்யவில்லை. பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் பீசா என்ற சர்வதேசத் தேர்வின்போது 2022இல் கேட்டதில், பணக்கார நாடுகளின் மாணவர்களில் சராசரியாக 65 சதவீதம் பேர், சில கணக்கு வகுப்புகளிலாவது போன், டேப்லெட் போன்ற கருவிகளால் கவனம் சிதறுகிறது என்று அவர்களே சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

எனவே வகுப்பறையில் போன் வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இடைவேளையில் பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டும். கபடிக் கோட்டைச் சுண்ணாம்பு போட்டு வைத்திருப்பது அதற்குத்தான்.

ஆனால் தடை பள்ளி நேரத்தோடு முடிந்துவிடுகிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர் இங்கிலாந்தில் 30 பள்ளிகளின் 1,227 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2025 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். போனைக் கட்டுப்படுத்திய பள்ளியில் படித்தவர்களுக்கும் அனுமதித்த பள்ளியில் படித்தவர்களுக்கும் மனநலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாளில் போனுக்குப் போகும் மொத்த நேரமும் குறைந்ததாகத் தெரியவில்லை. அதே ஆய்வில், போனில் அதிக நேரம் செலவிடும் பிள்ளைகளுக்குத் தூக்கம், படிப்பு, மனநிலை எல்லாம் மோசமாக இருப்பதும் தெரிந்தது. பிரச்சினை உண்மை. பள்ளி நேரத் தடை மட்டும் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

என் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் தடைக்கு இன்னொரு குறையும் தெரிகிறது. போன் வைத்திருப்பதே குற்றம் என்று ஆகிவிட்டால், போனால் வந்த துன்பத்தைச் சொல்வதும் குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் பிள்ளை ஐந்து வாரம் வாய் திறக்காததற்கு முழுக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். அவளைக் கேலி செய்த பையன்களைவிட எங்கள் விதிக்கு அவள் அதிகம் பயந்திருக்கிறாள்.

வருஷத்துக்கு ஒரு கூட்டம்

இரண்டாவது வழி எல்லாருக்கும் பழக்கமானது. சைபர் கிரைம் காவல் துறையிலிருந்து ஒருவரை அழைப்பது, ஷாமியானா போட்டு எல்லா வகுப்பையும் உட்கார வைப்பது, ஒன்றரை மணி நேரம் விழிப்புணர்வு உரை. உள்துறை அமைச்சகம் மாதத்தின் முதல் புதன்கிழமையை இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கச் சொல்லி 2021இலிருந்து கேட்டுவருவதால், ஆளைக் கூப்பிடுவது கஷ்டமும் இல்லை. செலவு ஒரு சால்வை, ஒரு டீ.

இதனால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். மோசடியில் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்தால் அந்தப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு உண்டு என்பதும், குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண் இருக்கிறது என்பதும் அந்தக் கூட்டத்தில்தான் எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தெரிந்தது. காவல்துறை அதிகாரி ஒருவரை அருகில் பார்த்துப் பேசியதும் நல்லதே.

ஆனால் இந்தக் கூட்டங்களின் சாரம் பெரும்பாலும் பயமாகவே இருக்கிறது. எங்கள் பள்ளியில் நடந்த கூட்டத்தில் பேசியவர் நல்ல மனிதர், அக்கறையோடுதான் பேசினார். இருந்தாலும் சொன்ன கதைகள் எல்லாம், படம் போட்டாள், வாழ்க்கை போச்சு என்கிற மாதிரி. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஏற்கெனவே படம் போட்டுவிட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்? கூட்டம் முடிந்ததும் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டபோது 420 பேரில் ஒரு கை உயரவில்லை. உயராது. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று யார்தான் கேட்பார்கள்? பெண்பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அன்று சாயங்காலமே போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பையன்களிடம் யாரும் பிடுங்கவில்லை.

வாரம் ஒரு பீரியட்

மூன்றாவது, டைம்டேபிளில் தனியாக ஒரு பாடவேளை. தாளில் பார்த்தால் இதுதான் மிக ஒழுங்கான வழி. சிங்கப்பூரில் நற்குணம், குடிமை கற்பிக்கும் பாடத்தோடு சேர்த்து இணைய நலத்தையும் வகுப்பு வகுப்பாக, வயதுக்கு ஏற்றபடி, வகுப்பாசிரியர்களை வைத்தே சொல்லித் தருகிறார்கள். அங்கே அது நடக்கிறது. அதற்கென்று பயிற்சியும் நேரமும் ஒதுக்குகிறார்கள்.

இங்கே என்ன ஆகும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீதிபோதனை வகுப்பும் நூலக வகுப்பும் விளையாட்டு வகுப்பும் எந்தக் கதிக்கு ஆளாயினவோ அதுதான். ஜூன், ஜூலையில் நடக்கும். காலாண்டுக்கு முன்னால் "போர்ஷன் முடியல, அந்தப் பீரியட என்கிட்ட குடுங்க" என்று கணக்கு ஆசிரியர் கேட்பார். ஜனவரியில் திருப்புதல் தேர்வு வந்ததும் அப்படி ஒரு பீரியட் இருந்ததே மறந்துபோகும். பத்தாம் வகுப்புக்குக் கொடுக்கவே முடியாது. நானும் அறிவியலுக்காக அப்படி வாங்கியிருக்கிறேன். தேர்வில் மதிப்பெண் இல்லாத எதற்கும் எங்கள் டைம்டேபிளில் ஆயுள் குறைவு.

மதிப்பெண் வைத்துவிட்டால்? அப்போது "கடவுச்சொல் என்றால் என்ன? ஐந்து மதிப்பெண் வினா" என்று ஆகிவிடும். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, சாயங்காலம் அதே பையன் தன் பாஸ்வேர்டை நண்பனுக்குச் சொல்லிக் கொடுப்பான். இந்த வழியை நாலு பேரும் சீக்கிரமே ஓரமாக வைத்தோம்.

எல்லாப் பாடத்துக்குள்ளும் கரைப்பது

பின்லாந்தில் இப்படித்தான். 2016இலிருந்து நடைமுறையில் உள்ள அவர்களின் பாடத்திட்டத்தில், ஒரு செய்தியை, படத்தை, விளம்பரத்தைப் படித்துப் புரிந்து சோதிக்கிற திறனைத் தனிப் பாடமாக வைக்காமல், மொழி, வரலாறு, கணக்கு என்று எல்லாவற்றுக்குள்ளும் சேர்த்திருக்கிறார்கள்.

பின்லாந்து எங்கே, நாம் எங்கே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சரி, பரீட்சித்துத்தான் பார்ப்போமே என்று ஜனவரி, பிப்ரவரியில் மூன்று ஆசிரியர்கள் அவரவர் பாடத்தில் ஒன்றிரண்டு வகுப்பு எடுத்தோம். அந்த வகுப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கணக்கு ஆசிரியர் எட்டாம் வகுப்பில் சதவீதம் நடத்தும்போது ஒரு கணக்குப் போட்டார். ஒரு கடன் செயலி 3,000 ரூபாய் கடன் என்கிறது. பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வருவது 1,800. ஏழாம் நாள் 3,000 திருப்பிக் கட்ட வேண்டும். வட்டி எத்தனை சதவீதம்? பிள்ளைகள் முதலில் 40 என்றார்கள், 3,000ஐ வைத்து. "கைக்கு வந்தது எவ்வளவு?" என்று அவர் கேட்டதும் திரும்பப் போட்டார்கள். 1,800க்கு 1,200. கிட்டத்தட்ட 67 சதவீதம், அதுவும் ஒரு வாரத்துக்கு. பின்வரிசையில் ஒரு பையன், "சார், எங்க சித்தப்பா இத எடுத்திருக்காரு" என்றான். அடுத்த கணக்கு யுபிஐ. பழைய தையல் மிஷினை விற்க ஒரு அம்மா விளம்பரம் கொடுக்கிறார். வாங்க வருகிறவர் ஒரு கியூஆர் படம் அனுப்பி, இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டால் உங்களுக்குப் பணம் வந்துவிடும் என்கிறார். அம்மாவின் கணக்கில் கூடுமா, குறையுமா? பணம் வாங்குவதற்குப் பின் நம்பரே தேவையில்லை, பணம் போவதற்குத்தான் தேவை என்பதைப் பிள்ளைகளே கூட்டல் கழித்தல் போட்டுக் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லச் சொன்னார். மறுநாள் பாதிப் பேர் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

சமூக அறிவியலில் 2018 மே மாதத்தை எடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் வழியில் காரை நிறுத்தியது. வயதான அம்மா ஒருவர் அங்கே இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடியது. அடித்தார்கள். 65 வயது அந்த அம்மா இறந்துபோனார். அதே வருஷம் நாட்டின் வேறு இடங்களிலும் இப்படி உயிர்கள் போன பிறகுதான், ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் (தனி ஆளோ குழுவோ) ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றியது.

இதைச் சொல்லிவிட்டு ஆசிரியை கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தச் செய்தி கடைசியாக யார் போனில் வந்தது என்று யோசிக்காதீர்கள். நடுவில் எத்தனை பேர் கையைத் தாண்டி வந்திருக்கும்? அதில் ஒருவர் நிறுத்தியிருந்தால்?" வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு ஒரு பெண், "எங்க அம்மாச்சியும் ஊருக்குப் போனா எல்லாப் பிள்ளைக்கும் மிட்டாய் குடுக்கும் மிஸ்" என்றாள். அப்புறம் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப்போய், ஒரு ஃபார்வர்ட் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டு அது எந்த ஊர், எந்த வருஷப் படம் என்று தேடச் சொன்னார். ஒன்பது கம்ப்யூட்டருக்கு நாற்பது பேர், ஒன்றுக்கு நாலைந்து தலை. ஆனாலும் மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது தமிழ் ஐயா. ஒன்பதாம் வகுப்பு. வகுப்புக் குழுக்களில் படங்களுக்குக் கீழே பார்த்த கமென்ட்டுகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரச் சொன்னார். சீட்டுகளைக் குலுக்கி எடுத்து, ஒருவனை எழுப்பி, எதிரே இன்னொருவனை நிறுத்தி, "இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை வாசி" என்றார். முதல் பையன் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது பையனால் வாசிக்கவே முடியவில்லை, சீட்டை மடித்து ஐயாவிடம் கொடுத்துவிட்டான். நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை இரண்டு பையன்கள் என்னிடம் வந்து அந்தப் படத்தை வெட்டி ஒட்டியது யார் என்று சொன்னார்கள். நாங்கள் விசாரித்து விசாரித்துத் தெரியாமல் போன விஷயம் அது.

எனவே இந்த வழி வேலை செய்கிறது என்பதை என் கண்ணால் பார்த்தேன். பாடத்துக்குத் தனி நேரம் வேண்டாம், சதவீதத்தை எப்படியும் நடத்தத்தானே வேண்டும்? வீட்டுப்பாடத்தை ஏஐயிடம் கேட்டு எழுதி வருகிற பழக்கத்தையும் இப்படித்தான் எதிர்கொள்கிறேன். ஏஐ தந்த பதிலை அப்படியே கொண்டு வா, பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டு அதில் இரண்டு தப்பு அல்லது இரண்டு விடுபட்ட விஷயம் கண்டுபிடி என்கிறேன். கண்டுபிடிக்கிறார்கள்.

இதன் சிக்கல் ஆசிரியர்களிடம் இருக்கிறது. எல்லாருடைய வேலை என்று ஒப்படைத்தால் யாருடைய வேலையும் இல்லாமல் போகும். அதைவிடப் பெரிய சங்கடம், நாங்களே ஒழுங்காக இல்லை. எங்கள் ஆசிரியர் குழுவில் வராத பொய்ச் செய்தியா? மாதத் தேர்வு முடிந்ததும் பெயரும் மதிப்பெண்ணுமாக முழுப் பட்டியலை வகுப்புப் பெற்றோர் குழுவில் போட்டுக்கொண்டிருந்தோம். 12 மதிப்பெண் வாங்கின பிள்ளையின் பெயரை நாற்பது வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, அடுத்தவர் அந்தரங்கத்தை மதி என்று எப்படிச் சொல்வது? 2023இல் வந்த மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்கிறது, அவர்கள் விவரத்தைக் கையாள்வதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், எங்கள் பிள்ளைகளுக்கு அது வலித்திருக்கும். இப்போது நிறுத்திவிட்டோம். மதிப்பெண் அந்தந்த வீட்டுக்குத் தனியாகத்தான் போகிறது.

பிள்ளைகளையே முன்னால் நிறுத்துவது

ஐந்தாவது வழி மாணவர் மன்றம். இதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. கேரளத்தில் 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ், அரசு மற்றும் உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்கும் மாணவர் ஐடி மன்றம். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரும் அனிமேஷனும் சொல்லித் தருவதோடு நிற்காமல், 2022 மே மாதம் அந்தப் பிள்ளைகளை வைத்தே லட்சக்கணக்கான அம்மாக்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தார்கள். மகளோ மகனோ படிக்கிற பள்ளியில், அவர்களின் கூட்டாளிகள் நின்று சொல்லித் தருகிறார்கள். அம்மாக்கள் கேட்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது.

என் அளவுகோலில் இதுதான் முதலில் நிற்கிறது. பிள்ளை தன் கஷ்டத்தை முதலில் சொல்வது இன்னொரு பிள்ளையிடம். எங்கள் மாணவியும் ஐந்து வாரத்தில் யாரிடமுமே சொல்லாமல் இல்லை, பக்கத்து பெஞ்சுத் தோழியிடம் இரண்டாம் நாளே சொல்லியிருக்கிறாள். அந்தத் தோழிக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, பதிலுக்குத் திட்டாதே, குழுவில் இருப்பவர்களை ரிப்போர்ட் செய், இன்னாரிடம் வந்து சொல் என்று அவளுக்கு யாராவது கற்றுக் கொடுத்திருந்தால் விஷயம் மூன்றாம் நாளே எங்கள் கைக்கு வந்திருக்கும்.

இதில் ஆபத்தும் உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் இன்னொரு பிள்ளையின் பெரிய துயரத்தை ஏற்றிவிடக் கூடாது. ஆபாசப் படம், மிரட்டல், பெரியவர் யாராவது தொந்தரவு கொடுப்பது போன்றவை வந்தால் மன்றப் பிள்ளைகள் விசாரிக்கக் கூடாது, பார்க்கக் கூடாது, அன்றைக்கே பொறுப்பாசிரியரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த பெரியவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். குழந்தைகளுக்கு அந்தத் தண்டனை இல்லை. பள்ளிப் பெயர் கெட்டுவிடும் என்று அறைக்குள்ளேயே பேசி முடிப்பது இனி யாருக்கும் வேண்டாம். இன்னொரு கவலை, மன்றத்தில் முதல் மதிப்பெண் பிள்ளைகளை மட்டும் போட்டுவிடுவோம். அவர்களிடம் கடைசி பெஞ்சுப் பையன் வந்து எதையும் சொல்ல மாட்டான்.

எங்கள் முடிவு

நாலு பேருக்குள் சண்டை வரவில்லை என்று சொல்ல முடியாது. தடையைக் கொஞ்சமும் தளர்த்தக் கூடாது என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கடைசிவரை நின்றார். அவர் பயம் நியாயமானது, பாதியை ஏற்றுக்கொண்டோம்.

பள்ளி நேரத்தில் போன் கூடாது என்ற விதி அப்படியே இருக்கும். அதில் ஒரு வரி மட்டும் சேர்த்தோம்: போனிலோ இணையத்திலோ நடந்த தொந்தரவைச் சொல்ல வருகிற பிள்ளையிடம், போன் எப்படி வந்தது, எப்போது பார்த்தாய் என்று கேட்க மாட்டோம். அதற்காகத் தண்டனை கிடையாது. வீட்டுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் என்றால் அந்தப் பிள்ளையோடு பேசிவிட்டு, ஆசிரியை ஒருவரும் கூட உட்கார்ந்து சொல்வோம். இந்த வரியை எழுதுவதற்குத்தான் இரண்டு வாரம் பிடித்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, பெற்றோர் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

மன்றம் அமைக்கிறோம். ஏழு முதல் பத்து வரை ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் நாலு பேர். இரண்டு பேரை வகுப்பே ரகசியச் சீட்டில் தேர்ந்தெடுக்கும், "உனக்குக் கஷ்டம் வந்தால் யாரிடம் சொல்வாய்?" என்ற ஒரே கேள்விக்கு. மற்ற இருவர் விருப்பப்பட்டுப் பெயர் கொடுத்தவர்கள். கணக்கு, சமூக அறிவியல், தமிழ், அறிவியல் நாலிலும் பருவத்துக்கு இரண்டு வகுப்பு, எந்தப் பாடத்தோடு சேர்த்து எந்த வாரம் என்று இப்போதே குறித்தாகிவிட்டது. குறிக்காவிட்டால் நடக்காது என்பது தெரியும். காவல்துறைக் கூட்டத்தை ஆகஸ்டுக்குத் தள்ளினோம். அதற்கு முன்னால் கேள்விப் பெட்டி வைத்து, பெயர் இல்லாத கேள்விகளை வாங்கி, வருகிற பெண் அதிகாரியிடம் முன்கூட்டியே கொடுக்கப் போகிறோம். தனிப் பீரியட் கேட்கவில்லை.

எல்லாப் பள்ளிக்கும் இதே முடிவு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். டேப்லெட்டிலேயே பாடம் நடத்துகிற பள்ளி என்றால் தனிப் பாடவேளை இல்லாமல் முடியாது, கருவி தினமும் கையில் இருக்கிறதே. விடுதியோடு கூடிய பள்ளியில் மாலை ஆறு மணிக்கு மேல்தான் உங்கள் பிரச்சினையே ஆரம்பிக்கிறது, மன்றத்தை விடுதியிலிருந்து தொடங்குங்கள். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் இத்தனை ஏற்பாடு நடக்காது. அங்கே பெற்றோர் கூட்டத்தில் அந்த யுபிஐ கணக்கைப் போட்டுக் காட்டி, 1930ஐயும் 1098ஐயும் சுவரில் பெரிதாக எழுதிவைத்தாலே பெரிய வேலை. ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்கிற நிலையில் இருப்பவர்கள் அந்தத் தண்டனை இல்லை என்ற ஒரு வரியை விதியில் சேர்த்துவிடுங்கள். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

முதல் அம்மாக்கள் கூட்டம் ஜூன் மூன்றாவது வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. போனோடு வரச் சொல்லியிருக்கிறோம். மூன்று மேசை போடுவோம்: வாட்ஸ்அப்பில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது கணக்குக்குக் கூடுதலாக ஒரு பின் நம்பர் போடுவது ஒன்று, கியூஆர் மோசடி ஒன்று, படம் உண்மையா பொய்யா என்று தேடுவது ஒன்று. மன்றப் பிள்ளைகளே சொல்லித் தருவார்கள். பெயர் கொடுத்தவர்களில் அந்த மாணவியும் இருக்கிறாள், இப்போது பத்தாம் வகுப்பு. மைக்கில் பேசச் சொல்லாதீர்கள் மிஸ், முதல் மேசையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். அவள் அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.